அப்பாவின் குடலில் கட்டி, சிறுநீரில் புரதம்: எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி:

என் தந்தைக்கு வயது 63. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பது ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு அவருக்கு முகமும் இரண்டு கால்களும் வீங்கின. நாளொன்றுக்கு 8 கிராம் புரதம் சிறுநீரில் போவதாகச் சொன்னார்கள். பயாப்ஸியில் மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் என்று வந்தது; பி.எல்.ஏ.2.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். ரத்தசோகையும் இருந்ததால் கொலனோஸ்கோப்பி செய்தார்கள். பெருங்குடலின் இடப்பக்கத்தில் கட்டி இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சையில் அதை அகற்றினார்கள். ரிப்போர்ட்டில் டி3 என்1, மூன்றாம் நிலை என்றும், 16 நிணநீர் முடிச்சுகளில் 2-ல் புற்று இருந்தது என்றும் உள்ளது. கேப்சிடபைன் மாத்திரையும் ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியுமாக நான்கு சுற்றுக் கீமோதெரபியில் மூன்று முடிந்துவிட்டன. இப்போது வீக்கம் வடிந்து எடை 66 கிலோவிலிருந்து 58-க்கு வந்திருக்கிறது. சிறுநீரில் புரதம் 3.2 கிராம், ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 2.1-லிருந்து 2.9 ஆகியிருக்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், வீக்கத்துக்கு லாசிக்ஸ் ஆகியவற்றைத் தினமும் சாப்பிடுகிறார்.

இணையத்தில் ஓரிடத்தில் 73 சதவீதம் என்றும் இன்னோரிடத்தில் 15 சதவீதம் என்றும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? சிறுநீரக நோயும் புற்றுநோயும் ஒன்றா, தனித்தனியா? புரதம் இன்னும் போவதால் ரிட்டுக்சிமாப் ஊசி போடலாம் என்று ஒரு மருத்துவர் சொல்கிறார். புற்றுநோய் வந்தவருக்கு அது ஆபத்தில்லையா? மூட்டுவலிக்காக ஒன்றரை வருடம் செந்தூரம் கலந்த பொடி சாப்பிட்டு வந்தார்; அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்தினோம். இப்போது வலி மறுபடி வந்திருப்பதால் அதைத் தொடரலாமா? அப்பாவிடம் கட்டி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம், புற்றுநோய் என்று சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பரிசோதனை எண்களை முறையாக எழுதி அனுப்பியிருப்பதால் பல விஷயங்களைக் குறிப்பாகவே சொல்ல முடிகிறது. ஆனாலும் அவரை நேரில் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து எழுதுகிறேன். ஆகவே இதை அவருடைய மருத்துவர்களிடம் பேசுவதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அசிட்ரோமும் கேப்சிடபைனும் ஒரே நேரத்தில் உடலில் இருக்கும்போது, அசிட்ரோமை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலில் மந்தமாகி, அதே அளவு மாத்திரை இரண்டு மடங்கு வேலை செய்யத் தொடங்கக்கூடும். கேப்சிடபைன் ஆரம்பித்த சில நாட்களிலும் இது நேரலாம், சில மாதங்கள் கழித்தும் நேரலாம். கேப்சிடபைனை நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரைகூட அதன் தாக்கம் நீடிக்கலாம். உங்கள் கடிதத்தில் எல்லா எண்களும் இருக்கின்றன, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். மட்டும் இல்லை. இந்த வாரமே அதைப் பாருங்கள். கீமோதெரபி நடக்கும் வரை அடிக்கடி பார்க்க வேண்டுமா, அல்லது அதுவரை ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் கறுத்துப் போதல், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிய திட்டுகள் இவற்றில் ஏதேனும் தென்பட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அல்புமின் 2.5-க்குக் கீழே இறங்கியிருந்த காலத்தில் காலின் ரத்தக்குழாய்களிலும் சிறுநீரக ரத்தக்குழாயிலும் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகமாக இருந்தது. புற்றுநோயும் தன் பங்குக்கு அந்த ஆபத்தைக் கூட்டும். அசிட்ரோமைக் கொடுத்தது சரியான முடிவு. இப்போது அல்புமின் 2.9 ஆகிவிட்டதால், அது 3-ஐத் தாண்டி நிலைத்தபின் இந்த மருந்து இன்னும் எவ்வளவு காலம் தேவை என்ற கேள்வியை எழுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

இதோடு சேர்ந்த இன்னொரு சிறு கணக்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கிரியாட்டினின் 1.3 என்பதைப் பார்த்தால் கொஞ்சம்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் 63 வயதும் 58 கிலோ எடையும் உள்ள ஆணுக்கு அந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுத்திகரிக்கும் அளவு ஏறக்குறைய 48 மில்லிலிட்டர் என்று வருகிறது. நோயில் தசை கரைந்திருந்தால் உண்மையான அளவு அதைவிடவும் குறைவாக இருக்கலாம். இந்த அளவு 30-க்கும் 50-க்கும் இடையில் இருப்பவர்களுக்குக் கேப்சிடபைனைக் கால் பங்கு குறைத்துக் கொடுப்பது வழக்கம். வீங்கியிருந்தபோது இருந்த 66 கிலோவை வைத்து மாத்திரைக் கணக்கு போடப்பட்டதா, இப்போதைய 58-ஐ வைத்துப் போடப்பட்டதா என்பதை நான்காம் சுற்றுக்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிவது, நாளுக்கு நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு ஆகியவை மருந்தின் அளவு மிஞ்சுவதற்கான அடையாளங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில் டெல்மிசார்ட்டனையும் லாசிக்ஸையும் தொடர்ந்து விழுங்கினால் இரண்டே நாளில் கிரியாட்டினின் ஏறிவிடும். அப்படிப்பட்ட நாளில் எதை நிறுத்த வேண்டும், யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். இரண்டும் ஒரே நோயா என்பதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. மற்றவற்றுக்கான விடைகள் அதிலிருந்துதான் கிடைக்கின்றன.

சிறுநீரகத்தின் வடிகட்டிகளில், புரதத்தை ரத்தத்திலேயே நிறுத்தி வைக்கும் ஒருவகை உயிரணுக்கள் உள்ளன. மெம்பரனஸ் நெஃப்ரோபதியில் நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமே உண்டாக்கும் ஆன்டிபாடிகள் அந்த உயிரணுக்களின் அடியில் படிந்து அவற்றைச் சிதைக்கின்றன. அதனால் புரதம் ஒழுகுகிறது. ஆன்டிபாடி எந்தப் பொருளைக் குறிவைக்கிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2009-ல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் பி.எல்.ஏ.2.ஆர். என்ற புரதத்தை அடையாளம் கண்டார்கள். வேறு காரணம் எதுவுமின்றித் தானாக வரும் மெம்பரனஸ் நோயில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கு அதுவே இலக்கு. உங்கள் தந்தைக்கு அது இல்லை. அதனால்தான் வேறு காரணத்தைத் தேடியிருக்கிறார்கள், அந்தத் தேடல் அவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ரத்தசோகையைச் சத்துக்குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பி வைத்திருந்தால் கட்டி இன்னும் ஓராண்டு வளர்ந்திருக்கும்.

புற்றுநோய்க்கும் இந்தச் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பு 1960-களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவாகி வருகிறது. 2006-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், மெம்பரனஸ் நோயுள்ள 240 பேரில் 24 பேருக்குப் பயாப்ஸியின்போதோ அதற்குப் பின் ஓராண்டுக்குள்ளோ புற்றுநோய் இருந்தது தெரிந்தது. நுரையீரல், புராஸ்டேட், பெருங்குடல், இரைப்பை, மார்பகம் ஆகிய இடங்களின் புற்றுகள் இதில் அடிக்கடி வருகின்றன. கட்டியிலிருந்து வெளிவரும் ஏதோ ஒரு புரதத்தை எதிர்க்க உடல் ஆன்டிபாடியை உண்டாக்க, அது சிறுநீரகத்தில் போய்ப் படிந்துவிடுகிறது என்பது இதற்கு இப்போது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தப் பிரெஞ்சு ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது: புற்று அடங்கியவர்களுக்குச் சிறுநீர்ப் புரதமும் இறங்கியது. அறுவைக்குப் பின் நான்கு மாதத்தில் 8 கிராம் 3.2 ஆனதும், அல்புமின் ஏறியதும் இந்தப் போக்கோடு பொருந்துகின்றன. அந்த வகையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்பியவையாக இருக்கலாம்.

இருக்கலாம் என்று நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் அந்தப் பொடி. செந்தூரங்களில் பாதரசம் சேர்ந்திருப்பது உண்டு. 2019-ல் நெல்-1 (NELL-1) என்ற புரதம் இந்த ஆன்டிபாடிகளின் இன்னோர் இலக்கு என்று கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் திரட்டிய ஒரு தொகுப்பில் நெல்-1 வகை நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் இருந்தது. ஆனால் சென்னையைச் சேர்ந்த சிறுநீரக நோய்க்குறியியல் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இதே நெல்-1 வகை நோய் வந்த பலர் பாதரசம் சேர்ந்த பாரம்பரிய மருந்துகளைச் சாப்பிட்டு வந்தவர்களாக இருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் அவர்களில் பெரும்பாலானோருக்குப் புரதம் குறைந்தது. கேரளத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகுக் கிரீம் பூசியவர்களிடமும் இதே நோய் காணப்பட்டது. உங்கள் தந்தையின் விஷயத்தில் பொடியை நிறுத்தியதும் கட்டியை எடுத்ததும் அடுத்தடுத்து நடந்திருப்பதால், புரதம் குறைந்ததற்கு எது காரணம் என்று இப்போது எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சிறுநீரகப் பயாப்ஸித் திசுவும் அறுவையில் எடுத்த கட்டியின் திசுவும் மெழுகுக் கட்டிகளாகப் பரிசோதனைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும். அவற்றில் நெல்-1 சாயச் சோதனை செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கட்டியிலேயே நெல்-1 தெரிந்தால் புற்றின் பக்கம் சான்று கனக்கும். இரண்டிலும் இல்லாவிட்டால் வேறு வழியில் யோசிக்க வேண்டியிருக்கும்.

பொடியைத் தொடரலாமா என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது: வேண்டாம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குப் பகையில்லை. முறையாகப் படித்து மருத்துவம் செய்யும் சித்த மருத்துவர்கள் பலரோடு பேசிப் பழகியவன். ஆனால் பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தில் வரும் செந்தூரத்தைச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு யாரும் பொறுப்போடு பரிந்துரைக்க முடியாது. நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. பொடியை மறுபடி தொடங்கி, இரண்டு மாதம் கழித்துப் புரதம் 3-லிருந்து 6-க்கு ஏறினால், புற்று திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுக்க நேரும். அவருக்கு இப்போது மிகவும் பயன்படும் அளவுகோலே அந்தப் புரத எண்தான், அதைக் குழப்பிவிடக் கூடாது. பழைய பொட்டலம் மிச்சமிருந்தால் தூக்கியெறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரச அளவு பார்க்கலாம் என்று அவர் நினைக்கக்கூடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் ஆகாது. பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி இவற்றோடு சமாளிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மருத்துவர் வேறு மருந்து தருவார்.

அடுத்தது சதவீதம். 73-ம் 15-ம் நீங்கள் பார்த்தபடியே சரியான எண்கள்தாம், ஆனால் வெவ்வேறு கூட்டத்தைப் பற்றியவை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில், குடலைத் தாண்டி அருகிலுள்ள முடிச்சுகள் வரை பரவியவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 சதவீதத்தைக் கடந்து நிற்கிறது. கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவிடங்களுக்குப் பரவியவர்களின் எண்தான் 15-ஐ ஒட்டியது. தந்தை முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஐந்தாண்டு உயிர்வாழ்வு என்றால் ஐந்தாண்டு மட்டுமே வாழ்வார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே அது. அவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பின்னும் வாழ்கிறார்கள்.

அந்த முதல் கூட்டமும் ஒரேமாதிரியானதல்ல. ஒரு முடிச்சில் புற்று உள்ளவரும் பத்து முடிச்சுகளில் உள்ளவரும் மூன்றாம் நிலை என்ற ஒரே பெயருக்குள் வருகிறார்கள். உங்கள் தந்தையின் டி3 என்1 (கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறது, மூன்றுக்கு மேற்படாத முடிச்சுகளில் புற்று இருக்கிறது) என்பது மூன்றாம் நிலைக்குள் அபாயம் குறைந்த பிரிவு. மூன்றாம் நிலையினருக்கு ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோதெரபியை மூன்று மாதம் கொடுத்தால் போதுமா, ஆறு மாதம் கொடுக்க வேண்டுமா என்று பல நாடுகளில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2018-ல் வெளிவந்தது. அபாயம் குறைந்த பிரிவில், மூன்றாண்டு முடிவில் புற்று திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் இரு தரப்பிலும் நூற்றுக்கு 83 பேர். நான்கு சுற்றோடு நிறுத்துகிறார்களே, காப்பீட்டுத் தொகை தீர்ந்ததாலா என்று யாராவது உங்கள் காதில் போட்டிருந்தால், அதற்கான பதிலும் இந்த எண்தான். ஆக்ஸாலிபிளாட்டின் கை கால் விரல்களில் உண்டாக்கும் மதமதப்பு ஆறு மாதக்காரர்களுக்கு மிக அதிகமாகவும் நீண்ட நாளும் இருந்தது; மூன்று மாதத்தோடு நிறுத்துவதன் ஆதாயம் அதில் தெரிகிறது.

ரிப்போர்ட்டில் உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய இன்னும் இரண்டு விவரங்கள் உள்ளன. பன்னிரண்டு முடிச்சுகளுக்குக் குறையாமல் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. 16 பார்த்திருக்கிறார்கள் என்றால் அறுவை மருத்துவரும் நோய்க்குறியியல் மருத்துவரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அதுபோல, அல்புமின் 2.1 இருக்கும் உடம்பில் குடலை வெட்டி இணைத்த இடம் கசியாமல் ஆறுவது எளிய காரியமல்ல. அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் நாங்கள் மிகவும் அஞ்சும் சிக்கல் அதுதான். தந்தை அதைத் தாண்டி, குறித்த காலத்தில் கீமோதெரபியையும் தொடங்கியிருக்கிறார்.

ஆனால் 83 என்ற எண்ணை அப்படியே தந்தைக்குப் பொருத்திவிடவும் முடியாது. ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருந்தவர்கள். தொற்று, ரத்த உறைவு போன்ற, அவருடைய சிறுநீரக நோய் கூட்டிவைத்திருக்கும் அபாயங்கள் அந்த எண்ணுக்குள் அடங்கவில்லை. அதோடு இந்த எண்கள் நிலையாக நிற்பவையும் அல்ல. பெருங்குடல் புற்று திரும்புவதாக இருந்தால் பத்தில் எட்டுப் பேருக்கு முதல் மூன்றாண்டுக்குள் திரும்பிவிடும். ஆகவே நோயின்றிக் கழியும் ஒவ்வோர் ஆண்டும் மீதிக் காலத்துக்கான வாய்ப்பை உயர்த்துகிறது. இரண்டாண்டு நலமாகக் கழிந்தபின் அவருக்கான எண் இன்றைய எண்ணைவிட நல்லதாகவே இருக்கும். அந்த மூன்றாண்டுகளுக்கும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புற்று திரும்புவதைக் காட்டக்கூடிய சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறையாவது சி.டி. ஸ்கேன், அறுவை முடிந்த ஓராண்டில் மறுபடி கொலனோஸ்கோப்பி என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். சி.டி. எடுக்கும் அறையில் சாய ஊசி போடுமுன், இவருக்குச் சிறுநீரக நோய் உண்டு என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். கோப்பில் எழுதியிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

சிறுநீரகத்துக்கு என்று தனியாக ஓர் எதிர்பார்ப்பு உண்டா என்றால், உண்டு. தானாக வரும் மெம்பரனஸ் நோயைச் சிகிச்சையின்றி விட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது தானே அடங்கும், மூன்றில் ஒருவருக்குப் புரதம் போய்க்கொண்டே இருந்தாலும் சிறுநீரகம் தாக்குப்பிடிக்கும், மீதிப் பேருக்குப் பத்தாண்டு வாக்கில் செயலிழப்பை நோக்கிப் போகும் என்பது பழைய கணக்கு. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் 93 பேரைப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டும், நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடும் மாறி மாறி ஆறு மாதம் பெற்றவர்களில் பத்தாண்டு முடிவில் டயாலிசிஸ் இன்றி இருந்தவர்கள் 89 சதவீதம். அந்த மருந்துகள் இல்லாமல் ரத்த அழுத்தம், உப்பு, வீக்கம் ஆகியவற்றை மட்டும் கவனித்தவர்களில் 65 சதவீதம். இந்த எண்ணை நான் மேற்கோள் காட்டுவதற்குக் காரணம், மருந்தின் பலன் தெரிவதோடு, மருந்தில்லாமலும் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாண்டு டயாலிசிஸ் இல்லாமல் இருந்தார்கள் என்பதும் தெரிவதுதான். இவர்கள் எல்லாம் நோய்க்கு வேறு காரணம் இல்லாதவர்கள். காரணம் தெரிந்து அதை அகற்றிவிட்ட ஒருவருக்கு நிலைமை இதைவிட மோசமாக இருக்க வேண்டியதில்லை. கட்டி திரும்பாத வரை சிறுநீரகமும் அமைதியாகும் என்று எதிர்பார்க்கவே இடமிருக்கிறது.

ரிட்டுக்சிமாப் பற்றி உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அதன் காரணம் வேறு. பி-செல் என்னும், ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களை இந்த ஊசி அழிக்கிறது. குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் இது புற்றை உண்டாக்குவதாகச் சான்று இல்லை. சைக்ளோபாஸ்பமைடுதான் சிறுநீர்ப்பைப் புற்றையும் ரத்தப் புற்றையும் கூட்டக்கூடிய மருந்து, அதை இவருக்கு யாரும் தொடக் கூடாது என்பதே என் கருத்து. ரிட்டுக்சிமாப் நல்ல மருந்துதான். 2019-ல் வெளிவந்த 130 பேர் கொண்ட ஆய்வில், இரண்டாண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் ரிட்டுக்சிமாப் தரப்பில் 60 சதவீதம், நோய் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் தரப்பில் 20 சதவீதம். ஆனால் புற்றுநோய் போன்ற பிற காரணங்களால் மெம்பரனஸ் வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உங்கள் தந்தைக்குக் காரணம் அகற்றப்பட்டு, புரதம் இறங்குமுகமாக இருக்கிறது. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறையும் இந்த நேரத்தில் அதன்மேல் ரிட்டுக்சிமாபையும் போட்டால் நிமோனியாவை வரவேற்றதாகிவிடும். சிதைந்த வடிகட்டிகள் பழுது நீங்கப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். ஆன்டிபாடி வரத்து நின்ற பிறகும் புரதம் மெல்லத்தான் இறங்கும். 3.2-ல் இருப்பதை மருந்து வேலை செய்யவில்லை என்று படிக்காமல், 8-லிருந்து இறங்கிவந்துகொண்டிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

நானாக இருந்தால் காத்திருப்பேன். கீமோதெரபி முடிந்து மூன்று மாதமாவது ஆகட்டும். மாதம் ஒருமுறை காலைச் சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், ரத்தத்தில் அல்புமின், கிரியாட்டினின் மூன்றையும் ஒரே பரிசோதனைக்கூடத்தில் பார்த்து வாருங்கள். அல்புமின் மறுபடி 2.5-க்குக் கீழே சரிந்தாலோ, கிரியாட்டினின் மாதத்துக்கு மாதம் ஏறினாலோ, ஆறேழு மாதம் கழித்தும் புரதம் இதே இடத்தில் நின்றுவிட்டாலோ ரிட்டுக்சிமாபைப் பற்றி மறுபடி பேசலாம். அப்போதும் ஊசிக்கு முன் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். உடலில் உறங்கும் அந்த வைரஸை ரிட்டுக்சிமாப் எழுப்பிவிட்டுக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்த நிகழ்வுகள் உண்டு. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளையும் அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், பின்னால் போட்டால் உடல் ஏற்காது. ரிட்டுக்சிமாபைச் சொன்ன மருத்துவரிடம் பயாப்ஸி ரிப்போர்ட்டும் குடல் அறுவை ரிப்போர்ட்டும் இரண்டும் இருந்தனவா என்று எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊரில் சிறுநீரகக் கோப்பு ஒரு மருத்துவமனையிலும் புற்றுநோய்க் கோப்பு இன்னொன்றிலும் தங்கிவிடுவது சாதாரணம். இரண்டின் நகலையும் ஒரே உறையில் போட்டு, போகும் இடமெல்லாம் கொண்டுபோங்கள். முடிந்தால் இரு மருத்துவர்களையும் ஒருமுறை தொலைபேசியில் பேச வையுங்கள்.

இறங்கி வந்த புரதம் திடீரென ஏறினால் உடனே புற்று திரும்பிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டெல்மிசார்ட்டனை நாலு நாள் விட்டிருந்தாலும், காய்ச்சல் வந்திருந்தாலும், கல்யாண வீட்டு ஊறுகாயும் அப்பளமும் கருவாடுமாக ஒரு வாரம் போயிருந்தாலும் ஏறும். இரண்டு வார இடைவெளியில் மறுபடி பார்த்தும் ஏறியே இருந்தால் அப்போது சி.இ.ஏ.-யும் ஸ்கேனும் உரிய நாளுக்குக் காத்திராமல் செய்ய வேண்டும்.

உணவில் உப்பைக் குறையுங்கள், மற்றபடி பட்டினி போடாதீர்கள். புரதம் வெளியேறுகிறதே என்று முட்டை வெள்ளைக்கருவை அடுக்கிக் கொடுப்பதாலும் பயனில்லை, சிறுநீரக நோய் என்று பருப்பையே நிறுத்துவது கீமோதெரபி நடக்கும் உடம்புக்குக் கேடு. 58 கிலோவுக்கு நாளொன்றுக்கு 55 கிராம் அளவில் புரதம் போதும்.

நடைப்பயிற்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடை நல்லது என்று எல்லா மருத்துவர்களும் சொல்வதுதானே என்று நோயாளிகள் அதைக் காதில் வாங்குவதில்லை. 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்புக்கு உடற்பயிற்சி பற்றிய கையேட்டை மட்டும் கொடுத்தார்கள். மறு தரப்புக்கு ஒரு பயிற்சியாளரை வைத்து மூன்றாண்டு தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் கையேட்டுத் தரப்பில் 83 சதவீதம், பயிற்சித் தரப்பில் 90 சதவீதம். புதுப் புற்றுநோய் மருந்து ஒன்று இந்த அளவு வித்தியாசம் காட்டினால் அதன் விலை லட்சங்களில் இருக்கும். அந்தப் பயிற்சியும் பெரிய காரியமல்ல. வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேர வேகநடைக்கு ஈடானது. கீமோதெரபி முடிந்து, ரத்தசோகை சரியானபின், வீக்கம் இல்லாத காலோடு தந்தை பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். கையேட்டுக்கும் பயிற்சியாளருக்கும் இடையிலான வித்தியாசம், உடன் ஒருவர் நடப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நீங்களாகவோ பக்கத்து வீட்டு நண்பராகவோ இருக்கலாம்.

கடைசியாக, அப்பாவிடம் சொல்லவில்லை என்றீர்களே, அதைப் பற்றி. அவரை வருத்தக்கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் கீமோதெரபி வார்டில் மூன்று சுற்று உட்கார்ந்து எழுந்தவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லியிருக்க மாட்டாரா? பெரும்பாலும் அவருக்குத் தெரியும். நீங்கள் வருந்துவீர்கள் என்று அவரும் பேசாமல் இருக்கிறார் என்றே நினைக்கிறேன். இனி வரும் மூன்றாண்டுக் கண்காணிப்பில் பாதி வேலை அவருடையது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதுவது, இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் சொல்வது, நள்ளிரவில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று படுத்திராமல் உங்களை எழுப்புவது எல்லாம், எதற்காக என்று தெரிந்தால்தான் செய்ய முடியும். முப்பது ஆண்டுகள் டிக்கெட் கணக்கைத் தினமும் எழுதி ஒப்படைத்தவருக்கு ஒரு சிறிய நோட்டில் எடையையும் ரத்த அழுத்தத்தையும் எழுதுவது சுமையாக இருக்காது. நான்காம் சுற்றுக்கு முன் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, என்ன நோய், எந்த நிலை, அடுத்து என்ன என்பதை அப்பாவிடம் நேராகச் சொல்லும்படி மருத்துவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் உடன் இருங்கள். அவர் ஏதாவது கேட்க நினைத்தால், அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அப்போது எதிரிலேயே இருப்பார்.